பி.எச். அப்துல் ஹமீத் குரல் உள்ள பழைய நாடாக்கள், பாட்டுக்குப் பாட்டு மேடை: முறைகளை இங்கே சேர்ப்போம்

சிற்றலை (இழையைத் தொடங்கியவர்)

அறிவிப்பாளர் அப்துல் ஹமீத் என்றதும் ஒரு தலைமுறைக்கு இலங்கை வானொலி நினைவுக்கு வரும். அடுத்த தலைமுறைக்குச் சன் தொலைக்காட்சியின் பாட்டுக்குப் பாட்டு, கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாடும் போட்டி. இரண்டு பேருக்கும் பொதுவாக நிற்பது அந்தக் குரலும், ஒரு சொல்லையும் சிந்தாமல் சொல்லி முடிக்கும் அந்த நிதானமும்தான். அவரைப் போற்றி எழுதியவை நிறையவே கிடைக்கின்றன. குரல் உள்ள பதிவுதான் கிடைப்பதில்லை.

காரணம் தெரிந்ததுதான். வீட்டில் டேப்ரெக்கார்டர் வைத்துப் பதிந்தவர்கள் பாட்டுக்காகப் பதிந்தார்கள். அறிவிப்பாளர் பேசினால் பாஸ் பட்டனை அழுத்தி, பாட்டு எடுத்ததும் விட்டார்கள். அன்று வேண்டியிருந்த பாட்டு இன்று எங்கும் கிடைக்கிறது. அன்று தள்ளிவிட்ட பேச்சுதான் எங்கும் இல்லை. படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர்கள் என்று ஒருவரையும் விடாமல் சொல்லி, முன்னிசை முடியும் முன் பேச்சை முடித்துக்கொள்ளும் அந்த அரை நிமிடத்தைத்தான் சொல்கிறேன்.

ஆகவே பழைய கேசட் கையில் கிடைத்தால், "இந்தப் பாட்டெல்லாம் நெட்டில் இருக்கிறதே" என்று ஒதுக்க வேண்டாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் என்ன விழுந்திருக்கிறது என்று கேளுங்கள். பாஸ் பட்டனைத் தாமதமாக அழுத்திய இடங்களில் ஐந்து, பத்து விநாடி தேறும்.

இங்கே இரண்டு விஷயம் சேர்ப்போம். ஒன்று, நாடாவைக் கெடுக்காமல் கணினிக்கு ஏற்றும் முறை. மற்றொன்று, பாட்டுக்குப் பாட்டை அவர் நடத்திய ஒழுங்கோடு மேடையில் நடத்துவது எப்படி என்பது. தெரிந்தவர்கள் அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள்.

---

நாடாமுள்

கேசட் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். முதல் விதி: கிடைத்தவுடன் ஓட்டிப் பார்க்கக் கூடாது. அந்த அவசரத்தில் போன நாடாக்களே அதிகம்.

வெளிச்சத்தில் பிடித்துச் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் பூசணம். அதை ஓட்டினால் பூசணம் ஹெட்டில் (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் முனையில்) ஏறி, அடுத்துப் போடும் நாடாக்களுக்கும் போகும். தனியாக ஒரு பையில் போட்டு ஒதுக்கிவிட்டு, முகக்கவசத்தோடு திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும்.

அடுத்து, நாடாவின் நடுவில் தெரியும் சிறு கம்பளித் திண்டு. செப்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கும், விட்டு விட்டு வரும். பலர் நாடாவே போய்விட்டது என்று நினைத்துத் தூக்கி எறிவது இதனால்தான். வேறொரு நல்ல காலிக் கூட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றினால் போதும். 5 திருகு உள்ள கூடு என்றால் திறக்க எளிது. திருகே இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் விளிம்புக் கோட்டில் மெல்லிய கத்தியை வைத்து நெம்பிப் பிரித்து, சுருளை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். திறக்கும்போது மேசையில் படுக்க வைத்தே திறக்க வேண்டும். தூக்கினால் சுருள் சரியும், பிறகு அடுக்குவது பெரும்பாடு.

அறுந்த நாடாவைச் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றில் பிடித்துக்கொள்ளும், ஹெட்டிலும் ஏறும். நாடா ஒட்டுவதற்கென்றே வரும் ஒட்டுநாடாவை, காந்தப் பூச்சு இல்லாத பக்கத்தில் ஒட்ட வேண்டும். கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். ஒட்டு அதற்கு ஒரு மயிரிழை உள்ளடங்கி இருக்கட்டும், வெளியே துருத்தினால் வழிகாட்டியில் சிக்கும்.

90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிட நாடாவைவிட மெல்லியது. 120 நிமிட நாடா அதைவிடவும் மெல்லியது, கிட்டத்தட்ட 9 மைக்ரான். 120-ஐ வேகச் சுற்று விடவே கூடாது. மற்றவற்றை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த சுற்று தளரும்.

டெக்கை, அதாவது கேசட் ஓட்டும் கருவியைச் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி. ஹெட், நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு இரண்டையும் குச்சியில் பழுப்பு வராத வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு லேசாக ஒரு துடைப்பு போதும், ஊற விட்டால் ரப்பர் காயும்.

---

நாடாமுள்

விட்டுப்போன முக்கியமான ஒன்று: ஹெட் அலைன்மென்ட். இதற்குத் தனிப் பதிவே வேண்டும்.

கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. 5 கிலோஹெர்ட்ஸ் ஒலி நாடாவில் பிடிக்கும் இடம் ஒரு அலைக்கு வெறும் 9.5 மைக்ரான். பதிந்த டேப்ரெக்கார்டரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்து, உங்கள் டெக்கின் ஹெட் நேராக இருந்தால், இந்த நுண்ணிய அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அதை ஈக்வலைசரில் சரிக்கட்ட முடியாது, இரைச்சல்தான் ஏறும்.

செய்ய வேண்டியது இதுதான். டெக்கின் வெளியீட்டை மோனோவாகச் சேருங்கள், அதாவது இடம் வலம் இரண்டும் ஒன்றாக. பேச்சுள்ள ஒரு இடத்தை ஓட்டுங்கள். ஹெட்டின் ஒரு பக்கம் சுருள்வில் மேல் ஒரு சிறு திருகு இருக்கும். எட்டில் ஒரு பங்கு திருப்பம் என்ற அளவில் மெல்லத் திருப்பிக்கொண்டே "ச", "ஸ" ஒலிகளைக் கவனியுங்கள். ஓரிடத்தில் அவை பளிச்சென்று கூர்மையாகும், தாண்டினால் மறுபடி மங்கும். கூர்மையான இடத்தில் நிறுத்துங்கள். ஏ பக்கத்துக்கு ஒருமுறை, பி பக்கத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். ஒவ்வொரு நாடாவுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும்.

காந்தம் ஏறிய திருப்புளியை ஹெட் பக்கம் கொண்டுபோக வேண்டாம். இரைச்சல் குறைக்கும் டால்பி பட்டன் அணைந்திருக்கட்டும். வீட்டு டேப்ரெக்கார்டரில் வானொலியைப் பதிந்தவற்றில் டால்பி கிடையாது, போட்டால் மேல் சுருதி மொத்தமும் அமுங்கும்.

---

கொழும்பான்

நாடாமுள் அண்ணை சொன்னதோடு ஒன்று. அந்தக் காலத்துச் சின்ன ரேடியோ கசற் பெட்டிகள் பெரும்பாலும் மோனோ. அவை பதிந்த தடம் ஸ்டீரியோவின் இரண்டு தடங்களையும் சேர்த்து அகலமாக இருக்கும். ஸ்டீரியோவாகவே கணினிக்கு எடுங்கோ. பிறகு இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கேட்டால், ஒரு பக்கம் மற்றதைவிடத் துப்புரவாக இருக்கும். நாடாவின் ஓரம் கசங்கினால் ஓரத்துத் தடம்தான் முதலில் அடிபடும். நல்ல பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மோனோவாகவே எடுத்துவிட்டால் பிறகு பிரிக்க ஏலாது.

---

41மீட்டர்

கணினிக்கு ஏற்றும் அளவுகள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் இது நிமிடத்துக்கு 17 மெகாபைட் சொச்சம், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிகாபைட். ஃப்ளாக் கோப்பாகச் சுருக்கினால் எதையும் இழக்காமல் கணிசமாகக் குறையும். எம்பி3 கேட்பதற்கு மட்டும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து எடுங்கள், ஹெட்போன் துளையிலிருந்து வேண்டாம். உச்ச அளவு -12 முதல் -6 டெசிபலுக்குள் இருக்கட்டும். 24 பிட்டில் கொஞ்சம் தாழ்வாகப் பதிவதால் நட்டமில்லை, மேலே முட்டினால் திரும்ப வராது. மலிவான யூஎஸ்பி கேசட் பெட்டிகளில் வேகம் தள்ளாடும், சிலவற்றில் ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் சுற்றும் உண்டு. பழைய நல்ல டெக்கைப் பழுது பார்ப்பதே மேல்.

இனி வேகம். கேட்டவுடன் "குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கிறதே" என்று தோன்றினால் பெரும்பாலும் காரணம் பேட்டரி. பதியும்போது பேட்டரி தளர்ந்து நாடா மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் மேலே ஏறுகிறது. அந்தக் கனிவான குரல் அரைச் சுருதி ஏறினாலே வேறொருவர் பேசுவது போலாகிவிடும். அரைச் சுருதி என்பது 6 சதவீத வேக வேறுபாடுதான்.

அளப்பதற்கு ஒரு வழி உண்டு. பதிவில் மின்சார ரீங்காரம் இருந்தால், ஒலியை அதிர்வெண் வாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தில் 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கோடு தெரியும். இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கோடு 52-இல் நின்றால் 50 ÷ 52 = 0.9615. வேகத்தை 3.85 சதவீதம் குறைக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் "சேஞ்ச் ஸ்பீட்" (புதிய பதிப்புகளில் "சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்") மட்டும் பயன்படுத்துங்கள். "சேஞ்ச் பிட்ச்", "சேஞ்ச் டெம்போ" இரண்டும் குரலை உடைத்துத் தைக்கும்.

இதில் இரண்டு பொறி. முதலாவது, அந்த ரீங்காரம் உங்கள் டெக்கினுடையதாகவே இருக்கலாம். நாடாவை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் கோடு நின்றால் அது டெக்கின் ரீங்காரம், அதை வைத்து அளக்கக் கூடாது. இரண்டாவது, 1990-களில் தென்மாநில மின்தொகுப்பு 50-இல் உறுதியாக நிற்கவில்லை, ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் இறங்குவது வழக்கம். ஆகவே இந்த அளவு கிட்டத்தட்டச் சரி என்பதற்கு மட்டும். அதே பதிவில் உள்ள ஒரு பாட்டை நல்ல இசைத்தட்டுப் பிரதியோடு வைத்துச் சுருதி ஒத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பேட்டரி இறங்க இறங்க வேகம் மாறிக்கொண்டே போயிருக்கும் என்பதால், பக்கத்தின் தொடக்கத்தில் எடுத்த அளவு முடிவுக்குப் பொருந்தாது. 5 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அளப்பது நல்லது.

---

சிற்றலை

அருமை. இரைச்சல் நீக்குவது பற்றியும் சொல்லுங்கள். சிற்றலைப் பதிவு என்றால் கடல் இரைகிற மாதிரி இருக்கிறது. மென்பொருளில் ஒரே அழுத்தில் போய்விடுகிறது என்கிறார்கள்.

---

41மீட்டர்

ஒரே அழுத்தில் போவது இரைச்சல் மட்டும் இல்லை. நான் இதில் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்.

அப்துல் ஹமீத் அவர்களின் உச்சரிப்பில் ழ, ள, ல மூன்றும் மூன்றாகவே நிற்கும். ழகரத்தை ளகரத்திலிருந்து பிரித்துக் காட்டும் நுணுக்கம் ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. சகரத்தின் காற்று அதற்கும் மேலே. சிற்றலை, மத்திய அலை இரண்டிலும் நமக்குக் கிடைப்பதே 5 கிலோஹெர்ட்ஸ் வரைதான். இரைச்சல் நீக்கியை 15, 20 டெசிபல் என்று ஏற்றினால், அது இரைச்சல் என்று நினைத்து அழிப்பது இந்த மெல்லிய பகுதியைத்தான். முடிவில் "வாழ்த்து" என்பது "வாள்த்து" ஆகும், பின்னணியில் தண்ணீருக்குள் பேசுகிற கொப்புளச் சத்தம் வரும். அவர் வாழ்நாள் முழுக்கக் காத்த ழகரத்தை நம் மென்பொருள் அழிப்பது நியாயமே இல்லை.

அதனால் 6 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள். இரைச்சல் மாதிரி எடுக்கும்போது, பாட்டுக்கு முன்னுள்ள வெறும் இடைவெளியில் எடுக்காமல், பேச்சின் நடுவே சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் எடுங்கள். அலை மங்கும்போது வானொலிப் பெட்டி தானே ஒலியைக் கூட்டும், டேப்ரெக்கார்டரும் தன் பங்குக்குக் கூட்டும். அதனால் வெறும் இடைவெளியில் உள்ள இரைச்சல் பேச்சுக்கு அடியில் உள்ளதைவிடப் பெரிது.

கூசாமல் செய்யக் கூடியவை இரண்டு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம், 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டலாம். கீழே வெட்டுவதை வேகம் அளந்த பிறகு செய்யுங்கள், இல்லையென்றால் அளக்க வேண்டிய 50 ஹெர்ட்ஸ் கோடே போய்விடும். 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அலையில் வந்த சங்கதி எதுவும் இல்லை, நாடா இரைச்சல்தான். "ய்ய்ய்" என்று ஒரே சுருதியில் சீழ்க்கை இருந்தால் அது பக்கத்து நிலையத்தோடு மோதியது. சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், நம் வட்டாரத்து மத்திய அலையில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில். 5-இல் சீழ்க்கை என்றால் அந்த ஒரு சுருதியை மட்டும் வெட்டும் மெல்லிய நாட்ச் வடிகட்டி ஒன்று போதும், குரலுக்குச் சேதமில்லை.

குரல் அலையலையாக ஏறி இறங்கி, நடுவில் கரகரவென்று உடைவது வான்மண்டலத்தில் பல வழியாக வந்த அலைகள் ஒன்றையொன்று வெட்டியதால். அதைத் திருத்த வழி இல்லை. அப்படியே விடுங்கள்.

எது செய்தாலும் பிரதியில் செய்யுங்கள். மூலக் கோப்பில் ஒரு வெட்டும் விழக் கூடாது.

---

கொழும்பான்

இனி, இது எந்த வருடப் பதிவு என்று கண்டுபிடிப்பது. உறையில் எழுதியதை நம்ப ஏலாது, கசற்றுக்கு மேல் கசற் பதிவது வழக்கம்.

நிலையத்தின் பெயர் முதல் தடயம். கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. 1967 ஜனவரி 5-இல் கூட்டுத்தாபனம் ஆனது. ஆகவே அறிவிப்பில் "இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்" என்று வந்தால் 1967-க்குப் பிந்தியது. 1972-இல் ஆங்கிலப் பெயரில் சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது, தமிழில் அப்போதும் இலங்கைதான். அதனால் தமிழ் அறிவிப்பை மட்டும் வைத்து 1967-ஐயும் 1972-ஐயும் பிரிக்க முடியாது. நேயர்கள் எல்லாக் காலத்திலும் "இலங்கை வானொலி" என்றே சொல்லி வந்தார்கள், ஆகவே கடிதத்திலோ உறையிலோ அப்படி இருப்பது தடயம் ஆகாது.

பாட்டு கீழ் எல்லையைத் தரும். ஒலிபரப்பான பாட்டுகளில் மிகப் புதிய படம் எந்த வருடமோ, அதற்கு முன்பு அந்தப் பதிவு இருக்க முடியாது. மேல் எல்லைக்கு விளம்பரங்களைக் கேளுங்கோ. படம் ஓடும் திரையரங்கு விளம்பரம் ஒன்று அகப்பட்டால் மாதம் வரைக்கும் இறங்கலாம்.

பலர் கவனிக்காத ஒன்று, நேர அறிவிப்பு. இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1996 மே மாதம் இலங்கைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே வந்து, 2006 ஏப்ரல் வரை இந்திய நேரத்துக்கு அரை மணி முன்னாகவே இருந்தது. தமிழ்நாட்டில் பதிந்த நாடாவின் உறையில் "இரவு 9 மணி" என்று எழுதி, அறிவிப்பில் ஒன்பதரை என்று வந்தால், அது 1996-க்கும் 2006-க்கும் இடைப்பட்டது.

தொலைக்காட்சிப் பதிவு என்றால் இலகு. சன் தொலைக்காட்சி தொடங்கியது 1993 ஏப்ரல் 14. அதற்கு முந்திய தேதி போட்ட எந்தச் சன் டிவி ஒளிநாடாவும் தவறு.

---

பட்டறை

ஒளிநாடா பற்றிச் சுருக்கமாக. வேகத் தலைவலி இதில் இல்லை, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடம் நாடாவிலேயே உள்ளது. தலைவலி வேறு இடத்தில். நிறையப் பேர் ஒரே கேசட்டில் அதிக நேரம் பிடிக்க வேண்டும் என்று பாதி வேகத்தில் பதிந்தார்கள். ஓரத்தில் நேராக ஓடும் ஒலித்தடம் அந்த வேகத்தில் மிகவும் மங்கும். பதிந்த கருவி ஹைஃபை வகையாக இருந்தால், படத்தோடு சேர்ந்து இன்னொரு நல்ல ஒலித்தடம் இருக்கும். ஓட்டும் கருவியும் ஹைஃபையாக இருந்தால்தான் அது கேட்கும். இரண்டையும் தனித்தனியே பிடித்து ஒப்பிடுங்கள்.

சுழலும் ஹெட்டைப் பஞ்சுக் குச்சியால் துடைக்கக் கூடாது, நூல் சிக்கினால் ஹெட் முனை உடையும். மான்தோல் துண்டில் ஆல்கஹால் நனைத்து, அசையாமல் பிடித்து, உருளையைக் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்க்கவே கூடாது.

720 × 576, விநாடிக்கு 25 சட்டகம், இன்டர்லேஸ் (படத்தை ஒன்றுவிட்ட வரிகளாகப் பிரித்து வைக்கும் முறை) நீக்காமல் பிடியுங்கள். மலிவான யூஎஸ்பி பிடிப்பான்கள் ஒத்திசைவு ஆடும் இடத்தில் சட்டகத்தை விழுங்கும். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் கடைசியில் உதடும் குரலும் பிரிந்துபோவது இதனால்தான். ஒத்திசைவைச் சீராக்கும் கருவி ஒன்றை இடையில் வைத்தால் தீரும், சில டிவிடி ரெக்கார்டர்களும் அந்த வேலையைச் செய்யும்.

---

தேமாபுளிமா

நாடா போதும், மேடைக்கு வருவோம்.

பாட்டுக்குப் பாட்டை அந்தாக்‌ஷரியின் தமிழ்ப் பிரதி என்று சிலர் எழுதுகிறார்கள். முடிந்த எழுத்தில் தொடங்கு என்ற விதியை அப்படியே தமிழில் வைத்தால் ஆட்டம் மூன்றாவது பாட்டில் நிற்கும். தமிழ்ச் சொற்கள் ன், ள், ல், ர், ண், ழ் என்றெல்லாம் முடியும். இந்த எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. நன்னூல் கணக்குப்படி சொல்லுக்கு முதலில் வருபவை 12 உயிரும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங வரிசைகளும்தான். ஙகரத்தில் பாட்டுக்கு எங்கே போவது! ஆகவே எழுத்தைக் கொடுப்பவர் கையில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. எந்த எழுத்து, எப்போது, யாருக்கு என்று கணித்துக் கொடுக்க வேண்டும். அப்துல் ஹமீத் அவர்களுக்கு அது கைவந்த கலை.

நடத்துபவர்கள் முன்கூட்டியே எழுத்தட்டைகள் தயார் செய்யுங்கள். 60 நிமிட நிகழ்ச்சியில் பேச்சுக்கு 15 நிமிடம் போனால் மீதி 45. ஒரு முறைக்கு 50 விநாடி என்றால் 54 முறை. 6 பேர் என்றால் ஆளுக்கு 9. ஆக 70 அட்டை வைத்துக்கொண்டால் கை நிற்காது. அவற்றை மூன்று கட்டாகப் பிரியுங்கள்.

அள்ள அள்ள வருபவை: அ, ஆ, இ, உ, எ, ஒ, க, கா, த, ந, நா, ப, பா, ம, மா, வ, வா. கொஞ்சம் யோசிக்க வைப்பவை: ஈ, ஊ, ஏ, சி, செ, தே, நீ, பொ, பூ, மு, யா, வெ. கடினமானவை: ஐ, கை, கூ, ஞா, தை, பை, மீ, மூ, வை. ஔ-வைக் கட்டிலேயே சேர்க்க வேண்டாம். முதல் இரண்டு சுற்றில் கடினக் கட்டைத் தொடாதீர்கள். நடுங்கிக்கொண்டு நிற்கும் போட்டியாளருக்கு முதல் எழுத்தே "ஞா" என்றால் அது போட்டி இல்லை, தண்டனை. ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் மூன்று பாட்டின் முதல் வரி எழுதி வையுங்கள். போட்டியாளர் தோற்றபின் நடத்துபவர் ஒன்றையாவது சொல்லிக் காட்ட வேண்டும். சொல்ல முடியாத எழுத்தைக் கேட்கும் உரிமை அவருக்கும் இல்லை.

தகராறு வரும் இடங்கள் எப்போதும் இவைதான், விதியைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்:

குறில், நெடில். மெட்டு இழுப்பதால் "க" என்ற எழுத்து "கா" என்று ஒலிக்கும். பாடிய நீளத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் சண்டைதான். வரியை எழுதினால் எந்த எழுத்தோ அதுவே கணக்கு.

தொகையறா. பல்லவிக்கு முன் விருத்தம் போல வரும் வரிகளை முதலாகக் கொள்வதா, பல்லவியையா? இரண்டில் எதுவானாலும் சரி, ஒன்றை மட்டும் வையுங்கள். பல்லவி என்று வைப்பதே நல்லது, கூட்டத்துக்குத் தெரிந்த முதல் வரி அதுதான்.

முணுமுணுப்பு. "ஆ... ஆ...", "லாலா" எல்லாம் எழுத்து ஆகாது, முதல் சொல்தான் கணக்கு. "லாலி" என்பது சொல், அது செல்லும்.

வரிப் பிழை. சொல்லை மாற்றிப் பாடினால் அந்த இடத்திலேயே கனிவாகத் திருத்த வேண்டும். பாட்டுப் புத்தகங்களில் அச்சுப் பிழை உண்டு, இசைத்தட்டில் ஒலிப்பதே இறுதி.

பாடிய பாட்டு திரும்ப வரக் கூடாது என்பதற்கு ஒருவரைத் தனியாக உட்கார்த்தி அகரவரிசையில் குறிக்கச் சொல்லுங்கள். நடத்துபவர் நினைவை மட்டும் நம்பினால் முப்பதாவது பாட்டில் தவறும். யோசிக்க 10 விநாடி கொடுங்கள்.

---

கொழும்பான்

"இராஜா" என்று எழுதும் பாட்டை "இ"-க்குப் பாடினால் என்ன தீர்ப்பு? எங்கட பக்கத்தில் "இராமன்", "இரவி" என்றுதான் எழுதுவம்.

---

தேமாபுளிமா

நல்ல கேள்வி. எழுத்தில் எதுவோ அதுவே கணக்கு என்று மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. ரகரத்தில் சொல் தொடங்கக் கூடாது என்ற இலக்கணத்துக்காக எழுத்தில் முன்னால் "இ" வைக்கிறோம். பாடகர் அந்த "இ"-யைப் பாடினாரா என்று பார்க்க வேண்டும். பாடாவிட்டால் "ரா". "இரவு" போன்ற சொல்லில் "இ" சொல்லின் பகுதி, பாட்டிலும் ஒலிக்கும், அது "இ"-யில்தான் சேரும். ர, ல, ட, ஜ, ஷ முதலானவற்றை அனுமதிப்பதா என்பதையும் முன்பே சொல்லுங்கள். திரைப்பாட்டில் "ராஜா", "ரோஜா" என்று நிறைய உண்டு, அனுமதித்தால் ஆட்டம் கலகலப்பாகும்.

---

ஐந்தரைக்கட்டை

வாத்தியப் பக்கம் யாரும் பேசவில்லை. நேரடி இசைக்குழு இல்லாத பாட்டுக்குப் பாட்டு பாதி நிகழ்ச்சிதான், அதே சமயம் குழுவுக்கு இதைவிடச் சிரமமான வேலை இல்லை. எந்தப் பாட்டு வரும், எந்தச் சுருதியில் வரும், எதுவும் தெரியாது.

சுருதியைக் கட்டைக் கணக்கில் சொன்னால், ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2½ கட்டைக்குள் எடுப்பார்கள், பெண்கள் 4½ முதல் 6-க்குள். கீபோர்டுக்காரர் முதல் வரி முடியும் வரை வாசிக்கக் கூடாது. முதல் நீண்ட சுரம் ஸட்ஜத்திலோ பஞ்சமத்திலோ நிற்கும், அதைப் பிடித்து டிரான்ஸ்போஸ் பட்டனில் கட்டையை வைத்துவிட்டால், எல்லாப் பாட்டையும் பழகிய ஒரே விரலமைப்பில் வாசிக்கலாம். முன்கூட்டி நுழைந்தால் போட்டியாளர் தன் சுருதியை விட்டு உங்களுக்கு மாற முயன்று இரண்டும் கெடும். இரண்டு கட்டைக்கு நடுவில் எடுத்தால் கீபோர்டின் டியூன் குமிழில் பாதி தூரம் போங்கள்.

தபலாவை ஐந்து விநாடியில் சுருதி மாற்ற முடியாது. இரண்டு தபலா வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று 1½ கட்டை, ஒன்று 5½. பொருந்தாத பாட்டுக்கு ரிதம் பேடோ டோலக்கோ போகட்டும்.

நிறுத்தும் இடம் முக்கியம். நடத்துபவர் கை உயர்த்துவதைக் குழு கண்ணால் பார்க்க வேண்டும், வாயால் "நிறுத்துங்கள்" என்று சொல்லும்வரை காத்திருந்தால் வாத்தியம் இரண்டு மாத்திரை தாண்டிவிடும். நடத்துபவரும் சொல் முழுதாக முடிந்த பிறகே கை உயர்த்த வேண்டும். பாதிச் சொல்லில் வெட்டினால் பாடியவருக்கும் கசப்பு, கேட்டவருக்கும் கசப்பு.

நடத்துபவரின் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து. நேராகப் பிடித்தால் "ப" வரும் இடமெல்லாம் மைக் வெடிக்கும். "பாட்டுக்குப் பாட்டு" என்ற பெயரிலேயே இரண்டு "பா" இருப்பதால் தலைப்பைச் சொல்லும்போதே தெரிந்துவிடும்.

---

சிற்றலை

எல்லோருக்கும் நன்றி. கோப்புகளைச் சேர்த்து வைக்கும் முறையை இறுதி செய்வோமா? பொதுவெளியில் ஏற்றுவது வேண்டாம், நிகழ்ச்சியின் உரிமை ஒலிபரப்பிய நிறுவனத்துக்கு. பாதுகாத்து வைப்பது வேறு, பரப்புவது வேறு.

---

நாடாமுள்

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். கேசட்டையும் தூக்கி எறிய வேண்டாம். பதிவுத் தடுப்பு நாக்குகள் இரண்டையும் உடைத்துவிட்டு, முழுக்கச் சுற்றி, நின்ற நிலையில், ஒலிபெருக்கிக் காந்தத்துக்குத் தள்ளி வையுங்கள்.

கோப்போடு கூடவே ஒரு எழுத்துக் கோப்பு வேண்டும். பாட்டின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. பேச்சு தொடங்கும் இடம், முடியும் இடம், பேசுபவர் யார் என்று எப்படி உறுதி செய்தீர்கள், தன் பெயரைச் சொன்னாரா, அல்லது குரலை வைத்து ஊகமா என்பதைத் தனித்தனியே குறியுங்கள். இலங்கை வானொலியின் மற்ற அறிவிப்பாளர்களான ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா குரல்களும் அதே நாடாக்களில் வரும். ஊகத்தை ஊகம் என்றே எழுதி வைத்தால் அடுத்துக் கேட்பவர் திருத்த முடியும்.

---

41மீட்டர்

அதே எழுத்துக் கோப்பில் வேகத் திருத்தத்தையும் எழுதுங்கள். "ஏ பக்கம், 0 முதல் 5 நிமிடம், 0.985, 5 முதல் 10 நிமிடம், 0.978" என்ற அளவில் போதும். கூடவே, பாஸ் பட்டன் விழுந்த "டொக்" சத்தங்களை வெட்டாமல் விடுங்கள். எந்த இடத்தில் பேச்சு விடுபட்டது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். இன்னொரு வீட்டில் அதே நாள் நிகழ்ச்சியைப் பதிந்த நாடா கிடைத்தால், அந்த "டொக்"கை வைத்துத்தான் விடுபட்ட பேச்சை அதன் இடத்தில் பொருத்த முடியும்.